குளக்கரை மீன் ஆந்தை: அதன் வாழ்க்கையும் வேட்டையும்

பெரும்போகக் கதிர் முற்றும் காலத்தில் வயற்காவலிருக்கும் கமக்காரர் யாவரும் அறிந்த ஓர் ஒலி உண்டு. பொழுது சாய்ந்து, குளக்கட்டு மருதமரங்கள் கறுத்துத் தோன்றும் வேளையில், வெறும் பானையின் வாயில் ஊதினாற் போன்ற தாழ்ந்த, கனத்த குரல் இரண்டு மூன்று முறை எழும். சிறிது நேரத்தில் வேறொரு மரத்திலிருந்து அதே குரல் மறுமொழி கூறும். காவற் கொட்டிலில் இருப்பவர் இதைக் கேட்டதும், ஊரில் நோயுற்றுக் கிடப்பவர் எவரையேனும் நினைத்துக்கொள்வார். மறுநாட் காலையில் அம்மரத்தை நோக்கிக் கற்கள் பறக்கும். சில இடங்களில் மரமே தறிக்கப்படுவதும் உண்டு.

இக்குரலுக்கு உரிய பறவை மீன் ஆந்தை ஆகும். அது எவருடைய சாவையும் அறிவிப்பதில்லை. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அழைப்பதும், அக்குளக்கரை தமக்குரியதென்று பிற ஆந்தைகளுக்குத் தெரிவிப்பதுமே அக்குரலின் நோக்கமாகும். நோயாளி இருக்கும் ஊரிலும் அது கூவும். நோயாளி இல்லாத ஊரிலும் கூவும். நோயாளி இல்லாத இரவுகளில் கேட்ட குரலை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகையால் நம்பிக்கை மட்டும் நிலைபெற்றுவிட்டது.

நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் தம் நிலத்தருகே வாழும் உயிர்களை அறிந்துவைத்திருப்பது நன்று. எது பயிருக்கு உதவுகிறது, எது கேடு செய்கிறது, எது இரண்டுமின்றித் தன்பாட்டில் வாழ்கிறது என்று தெரிந்தவர் வீண் செலவு செய்யமாட்டார். நண்பனைப் பகைவன் என்று எண்ணிக் கொல்லவும் மாட்டார். இப்பாடத்தில் மீன் ஆந்தையின் உடலமைப்பு, வேட்டை முறை, உணவு, இனப்பெருக்கம் என்பனவும், கமக்காரருக்கு அதனோடுள்ள தொடர்பும் விளக்கப்படுகின்றன.

பறவையை இனங்காணல்

இலங்கையில் வாழும் பெரிய ஆந்தைகளுள் மக்கள் கண்ணில் மிகுதியாகப் படுவது இதுவே. உயிரியலாளர் இதனைக் கெற்றூபா சைலனென்சிசு என்பர். இப்பெயரின் இரண்டாம் பகுதி இலங்கையைக் குறிப்பதாகும். செருமானிய இயற்கையியலாளரான குமெலின் என்பவர் 1788ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயரிட்டபோது, இலங்கைப் பறவையையே அடிப்படையாகக் கொண்டார். துருக்கியின் தென்பகுதி தொடங்கி, இந்தியாவூடாகத் தென்சீனம் வரை இவ்வினம் பரந்து காணப்படினும், இலங்கையில் வாழும் உபவினம் இத்தீவுக்கே உரியது. இந்தியாவில் வாழ்வனவற்றிலும் இது சற்றுச் சிறியது. நிறமும் சற்றுக் கருமை கூடியது.

முழு வளர்ச்சியடைந்த பறவை ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர், அதாவது 20 அங்குலம் அல்லது சிறிது கூடிய நீளமுடையது. மரத்திற் குந்தியிருக்கும்போது ஒரு நல்ல ஊர்ச்சேவலின் பருமனாகத் தோன்றும். உடல் செங்கபில நிறமானது; அதன்மேற் கரிய கோடுகள் நெடுக்காக ஓடும். தொண்டையில் வெண்ணிறத் திட்டு ஒன்று உண்டு. கூவும்போது அது நன்கு வெளித்தோன்றும். கண்கள் பொன்மஞ்சள் நிறமானவை. தலையின் இருபுறத்தும் கொம்பு போன்ற இறகுக் கற்றைகள் சாய்ந்து நிற்கும். இவற்றைச் செவிகள் என்று எண்ணுதல் தவறாகும். இவை வெறும் இறகுகளே; உண்மைச் செவித்துளைகள் முகத்தின் பக்கங்களில் இறகுகளுள் மறைந்துள்ளன. ஆணும் பெண்ணும் நிறத்தில் ஒத்தன. பெண் பறவை பொதுவாகச் சற்றுப் பெரியது.

இனங்காண்பதற்கு மிகச் சிறந்த அடையாளம் காலாகும். பெரும்பாலான ஆந்தைகளின் கால்கள் விரல்வரை மென்மயிர் போன்ற இறகுகளால் மூடப்பட்டிருக்கும். மீன் ஆந்தையின் கீழ்க்காலோ கொக்கின் காலைப் போல இறகின்றி வெறுமையாக இருக்கும். ஏன் இவ்வாறு அமைந்தது என்பதற்கு விடை அதன் வேட்டை முறையில் உள்ளது.

அடர்ந்த காடுகளில் இதனிலும் பெரிய ஆந்தையொன்று வாழ்கின்றது. அதன் மார்பு வெளிறி, கரும்புள்ளிகள் நிறைந்திருக்கும். கால்கள் இறகு மூடியவை. அது காட்டுக்கோழி, முயல் முதலியவற்றையும் பிடித்துண்ண வல்லது. சிங்கள மக்கள் 'உலமா' என்று அஞ்சும் பேய்ப்பறவையின் அலறல் இக்காட்டாந்தையினுடையது என்று பலர் கருதுவர். அது வயல்வெளிக்கு வருவது அரிது. ஆதலால் குளக்கட்டிற் காணப்படும் பேராந்தை பெரும்பாலும் மீன் ஆந்தையே என்று கொள்ளலாம்.

வாழிடம்

நீரும் பழமையான பெருமரங்களும் அருகருகே உள்ள இடமே இப்பறவைக்கு ஏற்றது. வறண்ட வலயத்துக் குளங்கள், ஆற்றங்கரைகள், நீர்ப்பாசன வாய்க்கால்கள், நெல்வயலைச் சூழ்ந்த மரத்தோப்புகள் என்பவற்றில் இதனைக் காணலாம். ஈரவலயத்து ஓடைகளிலும், மலைப்பகுதி ஆறுகளிலுங்கூட இது வாழ்கின்றது. குளக்கட்டின் கீழ்ப்புறத்திலும் அலைகரையிலும் நிற்கும் மருது, புளி, ஆல், இலுப்பை ஆகியன அது விரும்பித் தங்கும் மரங்கள்.

பகலில் இலையடர்ந்த கிளையொன்றில், அடிமரத்தை அண்டி, அசையாது குந்தியிருக்கும். அதன் நிறம் மரப்பட்டையோடு ஒத்திருப்பதால் கீழே நின்று பார்ப்பவருக்கு எளிதிற் புலப்படாது. காகங்களும் கொண்டைக்குருவிகளும் ஒரு மரத்தைச் சுற்றிப் பறந்து ஓயாது இரைச்சலிடுமாயின், அங்கே ஆந்தை இருக்கின்றதென்று அறியலாம். ஒரு சோடி ஒரே நீர்நிலையைப் பல ஆண்டுகள் விடாது பற்றி வாழும். ஆகவே ஒரு குளத்தில் இன்று கூவும் பறவை, அக்குளத்து நீர் பாயும் வயலின் நிரந்தரக் குடியாளர் எனலாம்.

கண், கழுத்து, இறகு

ஆந்தைகளின் கண்கள் முகத்தின் முன்புறத்தில் அமைந்துள்ளன. இதனால் இரு கண்களாலும் ஒரே பொருளைப் பார்த்து அதன் தூரத்தைத் திருத்தமாக அளவிட முடிகின்றது. கண்கள் மிகப் பெரியன, குழாய்போல் நீண்டன, மங்கிய ஒளியையும் சேர்த்துப் பயன்படுத்த வல்லன. ஆனால் அவை கண்குழியில் இறுகப் பொருந்தியிருப்பதால் நம் கண்களைப்போல அங்குமிங்கும் சுழலமாட்டா. இக்குறையைக் கழுத்து நிறைவு செய்கின்றது. நமது கழுத்தில் 7 எலும்புகள் உள. ஆந்தையின் கழுத்தில் 14 எலும்புகள் உள. எனவே அது ஒரு பக்கமாக ஏறக்குறைய 270 பாகை வரை தலையைத் திருப்பும். தலை முழுவட்டமாகச் சுழலும் என்று சிலர் கூறுவது பிழையாகும்.

வயல்வெளியில் எலி பிடிக்கும் ஆந்தைகளின் சிறகுகள் மிக மென்மையானவை. சிறகின் முன்விளிம்பிலுள்ள இறகுகள் சீப்பின் பற்களைப்போல் பிரிந்திருத்தலால் காற்று ஓசையின்றி வழிந்து செல்லும். எலியின் செவி கூர்மையானது. ஓசை கேட்டால் வளைக்குள் ஓடிவிடும். ஆதலின் அவ்வாந்தைகளுக்கு ஓசையற்ற பறப்பு இன்றியமையாதது. மீன் ஆந்தையின் சிறகுகளில் இவ்வமைப்பு இல்லை. அது பறக்கும்போது சிறகோசை தெளிவாகக் கேட்கும். நீருக்கடியிலுள்ள மீன் மேலே காற்றில் எழும் சிறகோசையைப் பெரிதும் உணராது. ஆகவே மீன் பிடிப்பதற்கு ஓசையை அடக்கவேண்டிய தேவை இல்லை. முகத்தைச் சூழ்ந்து ஒலியைத் திரட்டும் வட்டமான இறகுத்தட்டும் இதற்குச் சிறப்பாக வளரவில்லை. செவியிலும் கண்ணையே மிகுதியாக நம்பி இது வேட்டையாடுகின்றது.

காலின் அமைப்பு இன்னும் வியப்புக்குரியது. மீனின் உடல் வழுவழுப்பானது. கையாற் பிடித்தாலே நழுவிவிடும். மீன் ஆந்தையின் பாதத்தின் அடிப்புறத்தில் கூரிய சிறு முட்கள் போன்ற செதில்கள் நிறைந்துள்ளன. அரம் போன்ற இவ்வடிப்பாதம் மீனை நழுவாது பற்றிக்கொள்ளும். நகங்கள் நீண்டு, வளைந்து, கூரிய விளிம்புடையனவாய் இருக்கும். வெளிவிரலைப் பின்புறமாகத் திருப்பி, முன் இரண்டும் பின் இரண்டுமாக விரல்களை அமைத்துப் பிடிக்கவும் முடியும். கீழ்க்காலில் இறகு இல்லாததால் நீரில் நனைந்து பாரமாவதுமில்லை; சேறு ஒட்டுவதுமில்லை. தொழிலுக்கு ஏற்ற கருவி என்பது இதுவே.

வேட்டை முறை

பொழுது சாய்வதற்குச் சிறிது முன்னரே மீன் ஆந்தை உறங்குமரத்தை விட்டுப் புறப்படும். மப்பும் மழையுமான நாட்களிற் பகலிலும் இரைதேடும். வேட்டையின் முறைகள் மூன்று.

முதலாவது, காத்திருத்தல். நீரின்மேற் சாய்ந்த கிளை, பட்டமரம், துரிசின் மதில், வாய்க்காற் கரையிலுள்ள பாறை என்பவற்றில் ஒன்றில் அசையாது குந்தியிருந்து நீரை உற்றுநோக்கும். மீனொன்று மேல்வந்து நீரைக் கலக்கியதும், சிறகுகளை விரித்துச் சரிந்து இறங்கி, கால்களை மட்டும் நீட்டி, நீரின் மேற்பரப்பிலே அதனை வாரிக்கொண்டு எழும். மீன்கொத்தியைப்போல உடல் முழுவதும் நீரில் மூழ்குவதில்லை. ஆகையால் ஆழத்திற் செல்லும் மீன்கள் இதற்கு அகப்படமாட்டா. மேற்பரப்புக்கு வருவனவும், குறைநீரில் திரிவனவுமே அகப்படும்.

இரண்டாவது, தாழப் பறந்து தேடுதல். வாய்க்காலின் நீளத்துக்கு நீர்மட்டத்தை ஒட்டிப் பறந்து, கண்ட இரையைக் காலாற் பற்றும்.

மூன்றாவது, நடந்து பிடித்தல். இது கமக்காரர் நன்கு கவனிக்கத்தக்கது. இரவில் ஆந்தை நீரோரத்துக்கு இறங்கி, குறைநீரிலும் சேற்றிலும் நடந்து நண்டையும் தவளையையும் பிடிக்கும். விடியற்காலையில் வாய்க்காற் கரைச் சேற்றையும் புதிதாகச் சேறடித்த வயலின் ஓரத்தையும் பார்ப்பவர், நீண்ட நகங்களுடன் கூடிய பெரிய காற்சுவடுகளைக் காணலாம். அச்சுவட்டைக் கொக்கினுடையது என்று பலர் எண்ணிவிடுவர். கொக்கின் விரல்கள் மெலிந்து நீண்டன. ஆந்தையின் விரல்கள் தடித்தன. இரண்டு விரல்கள் பின்னோக்கியும் பதியும்.

இரவு முழுவதும் இடைவிடாது வேட்டையாடுவதில்லை. அந்தியிலும் விடியலுக்கு முன்னும் முயற்சி மிகுதி. நடுவில் நீரில் இறங்கிக் குளித்து இறகு கோதுவதும் உண்டு.

உணவு: கமக்காரரின் கணக்கு

மீன் ஆந்தை எதை உண்கின்றது என்பதை ஊகித்துக் கூறவேண்டியதில்லை. எவரும் கண்ணாற் காணலாம். எல்லா ஆந்தைகளையும்போல இதுவும் செரிக்காத எலும்பு, செதில், ஓடு, மயிர் என்பவற்றைத் திரட்டி உருண்டையாகக் கக்கிவிடும். உறங்குமரத்தின் அடியில் இவ்வுருண்டைகளும் உதிர்ந்த நண்டோடுகளும் கிடக்கும். ஒரு கோலாற் கிளறிப் பார்த்தால் அவ்வாந்தையின் முன்னை நாளுணவு தெரியும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது நல்லதொரு பயிற்சியுமாகும். பார்த்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்.

மீன், நண்டு, தவளை ஆகிய மூன்றுமே முதன்மையான உணவு. அவற்றுடன் எலி, சிறு பறவை, ஓணான், பாம்பு, பெருவண்டு என்பனவும் இடையிடையே சேரும். இவற்றால் கமக்காரருக்கு வரும் வரவு செலவை நேர்மையாகக் கணக்கிடவேண்டும்.

நண்டு வரவிற் சேரும். வயல் நண்டு வரம்பையும் வாய்க்காற் கரையையும் துளைக்கின்றது. ஒரு துளையால் ஓரிரவிற் கசியும் நீர் சிறிதாகத் தோன்றும். சிறுபோகத்தில் முறை வைத்து நீர் பெறும் இடங்களில் அதன் அருமை தெரியும். நட்ட இளநாற்றின் அடியைக் கத்தரிப்பதும் நண்டின் வேலையே. நண்டுண்ணும் பறவை வரம்பு காக்கும் கூலியாள் எனலாம்.

எலியும் வரவிற் சேரும். எனினும் மீன் ஆந்தை உண்ணும் எலிகளின் தொகை சிறிதே. எலி பிடிப்பதில் முதலிடம் வேறோர் ஆந்தைக்கு உரியது. அது பின்னர்க் கூறப்படும்.

தவளை செலவிற் சேரும். தவளை பூச்சிகளைத் தின்பதாற் பயிருக்கு நன்மை செய்வது. ஆயினும் ஒரு சோடி ஆந்தைகள் ஒரு குளத்துத் தவளைகளைக் குறைத்துவிடுவதில்லை. தவளை குறைவதற்குப் பெருங்காரணம் அளவின்றித் தெளிக்கப்படும் பீடைநாசினிகளே.

மீனைப் பற்றியே முறைப்பாடு மிகுதி. குளத்து மீனையெல்லாம் ஆந்தை தின்கிறது என்பர். 1952ஆம் ஆண்டில் இலங்கை நீர்நிலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் இன்று குளங்களெங்கும் பெருகியுள்ளது. மேற்பரப்புக்கு வரும் சில மீன்களை ஆந்தை எடுப்பதால் அப்பெருக்கம் தளர்வதில்லை. குளத்து மீன்வளத்துக்கு உண்மையான கேடு நஞ்சிட்டுப் பிடித்தலும், குஞ்சு மீனையும் விடாத சிறுகண் வலையுமாகும். ஆனால் வீட்டுக்கிணற்றடியில் சிறு தொட்டி கட்டி மீன் வளர்ப்பவருக்கு ஆந்தையால் இழப்பு உண்டாதல் கூடும். அத்தொட்டியின் மேல் வலைவிரித்து மூடுவதே அதற்குப் பரிகாரம். இரவிற் கூட்டில் அடைக்கப்படாத கோழிக்குஞ்சுக்கும் இதுவே விதி. ஆந்தை இல்லாவிடினும் மரநாயும் கீரியும் வரும். கூடு செவ்வையாக இருப்பின் எதுவும் வராது.

இனப்பெருக்கம்

மீன் ஆந்தை கூடு கட்டும் தொழில் அறியாதது. பெருமரத்தின் பொந்து, அடிமரம் கவராகப் பிரியும் குழி, பாறையிடுக்கு, கழுகோ பருந்தோ விட்டுச் சென்ற பழங்கூடு என்பவற்றில் ஒன்றைத் தெரிந்து முட்டையிடும். முட்டை வெண்மையானது, உருண்டையானது. ஓர் ஈட்டில் ஒரு முட்டை அல்லது இரண்டு முட்டைகளே இடும். அடைகாக்கும் காலம் ஏறக்குறைய 5 வாரம். பெண் பறவை அடைகாக்க, ஆண் பறவை இரை கொணரும். குஞ்சு பொரித்து ஏறக்குறைய 7 வாரத்திற் கூட்டைவிட்டு வெளியேறும். அதன்பின்னரும் வேட்டை பழகும்வரை தாய் தந்தையரையே நம்பியிருக்கும்.

இக்கணக்கை எலியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வயலெலியின் சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரமே. ஓர் ஈற்றிற் பல குட்டிகள். கதிர் விளையும் காலத்தில் ஈற்றின்மேல் ஈற்று. ஆந்தைச் சோடியோ ஓராண்டு முழுவதும் பாடுபட்டு ஒரு குஞ்சையோ இரண்டு குஞ்சுகளையோ வளர்த்தெடுக்கும். எனவே ஓர் எலியைக் கொன்றால் அதன் இடம் விரைவில் நிரம்பும். ஓர் ஆந்தையைக் கொன்றால் அதன் இடம் பல ஆண்டுகள் வெறுமையாகவே கிடக்கும். முட்டையிடும் பொந்துடைய முதுமரத்தைத் தறித்தால், இன்னொரு பொந்து உண்டாவதற்கு ஒரு தலைமுறை செல்லும்.

சாக்குருவியும் வயலெலியும்

மீன் ஆந்தையோடு சேர்த்து அறியவேண்டியது வெண்முக ஆந்தையாகும். இதயவடிவான வெண்முகமும், வெளிறிய மார்பும், கீறிச்சிடும் குரலுமுடைய இதனை மக்கள் சாக்குருவி என்று இகழ்வர். பெயரால் இகழப்பட்டாலும் தொழிலால் இதற்கு நிகரான எலிபிடிகாரன் வேறில்லை. இதன் செவித்துளைகளில் ஒன்று சற்று மேலாகவும் மற்றொன்று கீழாகவும் அமைந்திருப்பதால், எலியின் சலசலப்பு எத்திசையில், எவ்வுயரத்தில் எழுகின்றது என்பதை முற்றிருளிலும் அறிந்து பாயும். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் நெல்வயல்களிலும் மரப்பெட்டிகளை உயர்ந்த தூண்களிற் பொருத்தி இவ்வாந்தைகளைக் குடியேற்றி எலிகளைக் குறைத்து வருகின்றனர்.

இலங்கையில் இவ்வாந்தை முன்னர்ப் பெரும்பாலும் வடபகுதி வறண்ட இடங்களிலேயே காணப்பட்டது. பின்னர்ப் பிற பகுதிகளுக்கும் பரவியுள்ளது. பழைய கட்டடங்களின் மேன்மாடம், கோவிற் கோபுரம், களஞ்சியக் கூரை என்பவற்றில் இது தங்கும்.

வயலெலியாற் கெடுவது நெல் மட்டுமன்று. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரும் சேறும், கால் வெடிப்பின் வழியாகவும் கீறலின் வழியாகவும் எலிக்காய்ச்சற் கிருமியை உடலுட் செலுத்துகின்றன. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் பெருகி, 7,000க்கு மேற்பட்டோர் நோய்க்குறி கண்டவராகப் பதியப்பட்டனர். நெற்செய்கையாளர் பலர் உயிரிழந்தனர். வயலில் இறங்கியபின் காய்ச்சல், தசைநோவு, கண்சிவப்பு என்பன கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வயலில் வேலை செய்பவர் என்பதையும் வைத்தியருக்குக் கூறவேண்டும். ஆந்தையின் குரல் சாவைக் கொணர்வதில்லை; ஆந்தை இல்லாத வயலிற் பெருகும் எலியே சாவைக் கொணரக்கூடும். சாவுக்கு அஞ்சுபவர் அஞ்சவேண்டியது இன்னதென்று தெளிதல் வேண்டும்.

எனினும் ஆந்தை இருந்தாற்போதும், எலி ஒழிந்துவிடும் என்று எவரும் இருந்துவிடலாகாது. ஆந்தை எலிகளைக் குறைக்கும், முற்றாக ஒழிக்காது. ஒரே வெளியிலுள்ள வயல்களை ஒரே காலத்தில் விதைத்தல், வரம்புகளைச் சிறிதாக்கிப் புல்லின்றி வைத்திருத்தல், விதைக்குமுன் ஊரார் கூடி வளைகளை வெட்டுதல் ஆகிய முறைகளோடு ஆந்தையின் உதவியும் சேரும்போதே பயன் முழுமையாகும்.

ஆந்தைகளுக்கு நேரும் கேடுகள்

இவற்றுள் முதலாவது எலிநஞ்சு. குருதி உறைதலைத் தடுக்கும் நஞ்சை உண்ட எலி உடனே இறப்பதில்லை. சில நாட்கள் தளர்ந்து, வெளியிடத்தில் தள்ளாடித் திரியும். அத்தகைய எலியே ஆந்தைக்கு எளிதில் அகப்படும். நஞ்சுண்ட எலிகளைத் தின்ற ஆந்தையும் நஞ்சேறி மாளும். எலியைக் கொல்ல வாங்கிய மருந்து எலிபிடிகாரனையே கொன்றுவிடுகின்றது. அடுத்த போகத்தில் எலி முன்னிலும் பெருகும். மீண்டும் மருந்து வாங்கவேண்டிவரும்.

இரண்டாவது, முதுமரங்களைத் தறித்தல். நிழல் விழுகின்றது என்றும், விறகுக்கென்றும் குளக்கட்டின் கீழுள்ள மரங்கள் வெட்டப்படுகின்றன. மூன்றாவது, நீரில் நஞ்சிட்டு மீன்பிடித்தலும், பீடைநாசினிக் கலன்களை வாய்க்காலிற் கழுவுதலுமாகும். அந்நஞ்சு மீனும் நண்டும் வழியாக ஆந்தையை அடையும். அதே நீரைக் குடிக்கும் மாட்டையும் மனிதரையும் அடையும். நான்காவது, கல்லெறியும் துவக்கும்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஆந்தைகளைக் கொல்லுதலும், பிடித்தலும், முட்டைகளை எடுத்தலும் தண்டனைக்குரிய குற்றமாகும். சட்டத்துக்கு அஞ்சி விடுவதிலும், தன் நன்மையை அறிந்து விடுவதே சிறந்தது.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. குளக்கட்டுக்குக் கீழும் அலைகரையிலும் பொந்துள்ள முதுமரங்களைத் தறியாது விடுக. தறிக்கவேண்டிய கட்டாயம் ஏற்படின், பொந்தில் முட்டையோ குஞ்சோ உண்டா என்று முதலிற் பார்க்க. ஒரு மரம் வீழ்ந்தால் அவ்விடத்தில் மருதங்கன்று ஒன்றை நடுக.

2. வயலில் 6 அடி அல்லது 8 அடி உயரமான கொம்புகளை நட்டு, அவற்றின் தலையில் ஒரு குறுக்குத் தடியைக் கட்டுக. தென்னை மட்டையும் உதவும். இரவில் ஆந்தைகள் அதிற் குந்தி எலியை நோக்கும். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் இக்கொம்புகளை அகற்றிவிடுக; இல்லையேல் நெல்லுண்ணும் குருவிகளும் அவற்றைப் பயன்படுத்தும்.

3. முதலில் வளை வெட்டியும் பொறி வைத்தும் எலியைக் குறைக்க. நஞ்சிட நேரின், அளவறிந்து, வளையினுள்ளே இடுக. வரம்பின்மேற் பரப்புதல் தவறு. நாள்தோறும் காலையில் இறந்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைக்க; வாய்க்காலில் எறியலாகாது. எலிகளை வெறுங்கையால் தொடலாகாது.

4. தெளிகருவியையும் வெற்றுக் கலன்களையும் குளத்திலும் வாய்க்காலிலும் கழுவலாகாது.

5. மீன்தொட்டியை வலையால் மூடுக. கோழிகளை இரவில் இறுகிய கூட்டில் அடைக்க.

6. பறக்கப் பழகும் ஆந்தைக் குஞ்சு நிலத்திற் கிடப்பின் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. தாய் அருகிலேயே இருக்கும். நாயும் பூனையும் அணுகாதபடி அருகிலுள்ள கிளையொன்றில் ஏற்றிவிட்டு விலகிச் செல்க.

7. ஆந்தையின் குரலைக் கேட்டுக் குழந்தைகள் அஞ்சினால், அது இன்ன பறவை, இன்ன உணவு உண்பது என்று சொல்லிக்கொடுக்க. அறிந்த குரலுக்கு எவரும் அஞ்சார்.

முடிவு

நீரையும் முதுமரத்தையும் நம்பி வாழும் மீன் ஆந்தை, கமக்காரர் நம்பி வாழும் அதே குளத்தின் குடியாளராகும். அது தங்கியிருக்கும் குளத்தில் மீனும் நண்டும் உண்டு, நீர் நஞ்சாகவில்லை, கட்டோரத்து மரங்கள் இன்னும் நிற்கின்றன என்பதற்கு அதன் குரலே சான்று. அது கூவாதொழிந்த குளத்தைப் பற்றியே கமக்காரர் கவலைகொள்ளவேண்டும்.

வரும் போகத்தில் வயற்காவலிருக்கும்போது அக்குரல் கேட்குமாயின், அது எத்திசையிலிருந்து வருகின்றது என்று கவனிக்க. பொழுது விடிந்ததும் அம்மரத்தடிக்குச் சென்று, கல்லெடாமல், கீழே கிடப்பவற்றைப் பார்க்க. வரம்பைத் துளைத்த நண்டுகளின் ஓடுகள் அங்கே குவிந்து கிடக்கக் காணலாம்.